குப்பிக்குள் படிந்த வெள்ளை

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு புகைப்படத்தை இன்றுவரை அழிக்கவும் மனம் வரவில்லை, நிம்மதியாகப் பார்க்கவும் முடியவில்லை. எங்கள் ஊர் ஆற்றின் வளைவு ஒன்றில், கரையில் நாற்பது பேர் சேறு படிந்த கால்களோடு நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால், ஆகாயத்தாமரை அகற்றப்பட்ட நீர்ப்பரப்பு கண்ணாடிபோலக் கிடக்கிறது. முழங்கால் ஆழத்தில் அடிமணல் தெரிகிறது. இரண்டு நாள் உழைப்பில் பிளாஸ்டிக் பைகளையும் தெர்மாகோல் துண்டுகளையும் கிழிந்த துணிகளையும் மூட்டை மூட்டையாகக் கரையேற்றியிருந்தோம். அந்தப் படத்தின் கீழே ‘ஆறு மீண்டது’ என்று எழுதிப் பகிர்ந்தேன். வாழ்த்துகள் குவிந்தன. அந்த இரண்டு சொற்கள்தான் அதன்பின் என்னைத் தூங்கவிடாமல் செய்தன.

ஆகாயத்தாமரையைப் பிடுங்கியபோது அதனடியில் இருந்த நீர் அவ்வளவு தெளிவாக இருந்தது எங்கள் எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. இப்போது யோசித்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. நெருங்கிப் படர்ந்த இலைகள் வெயிலை மறைத்துவிடுவதால் நீருக்குள் பாசி வளர்வதில்லை. தொங்கும் வேர்கள் மண்துகளைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் தெளிந்துவிடுகிறது. அதே இலைப்போர்வை காற்றையும் நீருக்குள் இறங்கவிடாது என்பதை அன்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒருவரைத் தவிர.

பழுப்பா, வெள்ளையா

கழிவுநீர் ஆய்வகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இரண்டாம் நாள் காலை ஒரு மரப்பெட்டியோடு வந்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒதுங்கி, நிழலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இந்தக் குப்பியில கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுக்கிறீங்களா? உள்ள குமிழி இருக்கக் கூடாது.” 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிக் குப்பி அது. அடிப்பகுதி சாய்வாக வெட்டப்பட்ட கண்ணாடி மூடி. குப்பியைச் சாய்த்து மெல்ல நீருக்குள் அமிழ்த்தி, நிறைந்ததும் நீருக்குள்ளேயே மூடி எடுத்துவந்தேன். மூடியின் கழுத்தருகே கடுகளவு குமிழி ஒன்று நின்றது. அதைப் பார்த்ததும் அவர் நீரை அப்படியே கொட்டிவிட்டார். “இந்த ஒரு குமிழி போதும், பொய் சொல்லிடும்” என்றார். இரண்டாவது முறை சரியாக எடுத்தேன்.

அவர் பிப்பெட்டின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி இரண்டு மில்லி மாங்கனீஸ் சல்ஃபேட் கரைசலை விட்டார். பிறகு காரம் கலந்த அயோடைடு கரைசல் இரண்டு மில்லி. மூடியை அழுத்தி, குப்பியைப் பலமுறை தலைகீழாகப் புரட்டினார். “பழுப்பா வந்தா ஆக்சிஜன் இருக்குன்னு அர்த்தம் தம்பி” என்று சொல்லிக்கொண்டே என் கையில் கொடுத்தார். திரிந்த பாலைப்போல வெண்மையான துணுக்குகள் குப்பியெங்கும் திரண்டன. பின் அவசரமே இல்லாமல் அடியை நோக்கி இறங்கத் தொடங்கின. பழுப்பின் சாயல் துளியும் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வளைவுக்கு மேலே, கழிவுநீர்க் குழாய் ஆற்றில் சேர்வதற்கு முந்தைய இடத்தில், வரும் வழியிலேயே எடுத்து வைத்திருந்த இன்னொரு குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் அருகில் வைத்தார். அதன் அடியில் கெட்டியான காப்பிப்பொடி நிறம். இரண்டு குப்பிகளையும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, மேலே தெளிந்து நின்ற நீரில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. வேறுபாடெல்லாம் அடியில் படிந்ததில்தான் இருந்தது.

நான் அப்போதுதான் எடுத்திருந்த புகைப்படத்தை அவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, நீர்ப்பரப்பில் தெரிந்த சின்னச் சின்ன வட்டங்களைச் சுட்டினார். மீன்கள் துள்ளி விளையாடுகின்றன என்று நான் நினைத்திருந்தேன். “இல்ல தம்பி, மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க. காத்துபடுற அந்த மேல்தோல் மாதிரியான தண்ணியில மட்டும்தான் அதுங்களுக்கு மூச்சு இருக்கு.” அவர் என்னைக் குறைசொல்லவில்லை, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குப்பிகளைக் கழுவப் போய்விட்டார். படத்தைப் பகிர்ந்தது அதற்கு முன்பா பின்பா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பின்புதான். நாற்பது பேரின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

கண்ணை நம்பியவர்கள்

நீர் மாசு என்றதும் குப்பையையும் நுரையையும் நிறத்தையும் தேடுவது நம் கண்ணின் பழக்கம். 1970-களில் அமில மழையால் பாதிக்கப்பட்ட ஸ்காண்டிநேவிய ஏரிகள் பல, மீன் இழந்து, முன்னெப்போதையும்விடத் தெளிவாகிப் போயின. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றியபோது, தீயணைக்கப் பாய்ச்சிய நீர் ரைன் ஆற்றில் இறங்கி ஆறே சிவந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சிவப்பைத்தான். லட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்கு மீன்களைக் கொன்றதோ அந்தச் சாயமன்று. அதோடு சேர்ந்து கரைந்து போன பூச்சிக்கொல்லிகள். அவற்றுக்குச் சிவப்பு நிறம் தேவைப்படவில்லை.

கண்ணை நம்பியதன் கொடுமையை மினமாட்டாவைப்போல வேறெந்த ஊரும் அனுபவித்திருக்காது. ஜப்பானின் அந்தக் கடற்கரை ஊரில் 1956 மே 1 அன்று விளங்காத நரம்பு நோய் ஒன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ ஆலையின் கழிவுநீரில் இருந்த பாதரசம் மீன்வழியே மனிதருக்குள் போனதுதான் காரணம் என்ற ஐயம் வலுத்ததும், 1959 டிசம்பரில் அந்நிறுவனம் ‘சைக்கிலேட்டர்’ என்ற சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தது. திறப்பு விழாவில் நிறுவனத் தலைவர், சுத்திகரிக்கப்பட்டது என்று சொல்லப்பட்ட நீரை எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். பாதரசம் கலந்த கழிவுநீர் அந்த நிலையத்துக்குள் அப்போது விடப்படவே இல்லை. கரிமப் பாதரசத்தை நீக்கும் திறன் அதற்குக் கிடையாது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பது பிற்கால நீதிமன்றச் சாட்சியத்தில் வெளிவந்தது. ஆனால் ஒரு குவளைத் தெளிந்த நீர் போதுமானதாக இருந்தது. பாதரசத்தைப் பயன்படுத்திய அந்த உற்பத்தி நின்றது 1968 மே மாதத்தில். அரசு காரணத்தை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பரில். இடைப்பட்ட எட்டரை ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவளைதான் முன்னே வருகிறது. என் புகைப்படத்தை அதோடு ஒப்பிடுவது மிகை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அளவில் மிகைதான். ஆனால் தெளிந்த நீரைக் காட்டிக் கேள்வியை முடித்துவைத்தது இரண்டும்தான்.

ஐந்து நாள் இருட்டு

அந்த அம்மாவிடம் பிறகு பலமுறை போனேன். ஆக்சிஜனை அளக்க அவர் செய்துகாட்டிய முறை 1888-இல் ஹங்கேரி வேதியியலாளர் லயோஷ் விங்க்ளர் வகுத்தது என்பதை அவரிடம்தான் அறிந்தேன். பழுப்புப் படிவை அமிலத்தில் கரைத்தால் நீர் மஞ்சளாகிறது. மாவுக் கரைசல் சேர்த்தால் கருநீலம். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து தயோசல்ஃபேட் கரைசல் சொட்டுச் சொட்டாக விழ, ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறைகிறது. அந்தச் சொட்டுவரை இறங்கிய அளவுதான் விடை. 20 டிகிரி வெப்பத்தில் காற்றோடு கலந்து நிற்கும் நல்ல நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். பெரும்பாலான மீன்களுக்கு 5 வேண்டும். 2-க்குக் கீழே போனால் தாங்காது. இதே சோதனையைச் செய்துவிட்டு, இன்னொரு குப்பியை ஐந்து நாள் இருட்டில் வைத்து மறுபடி செய்தால், நுண்ணுயிர்கள் அந்த நீரிலுள்ள கழிவைத் தின்று செரிக்க எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டன என்பது தெரிந்துவிடும். பி.ஓ.டி. என்று எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சொல்லப்படும் எண் இதுதான்.

அது ஏன் ஐந்து நாள் என்று கேட்டேன். அந்தக் கேள்வி என்னை லண்டனுக்குக் கொண்டுபோய் விட்டது. 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல், நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைக் குளோரினேற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். மூக்கில் ஏறியபின்தான் சாக்கடை கட்டுவதற்கான சட்டம் விரைவாக நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பசால்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடைகள் லண்டனைக் காப்பாற்றின என்பது உண்மை. அவை கழிவைச் சுத்திகரிக்கவில்லை, கிழக்கே கொண்டுபோய் அதே ஆற்றில் விட்டன என்பதும் உண்மை. 1878 செப்டம்பர் 3 அன்று ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற பயணிகள் கப்பல் அந்தக் குழாய்களின் வாயருகே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியபோது, அதற்குச் சற்று முன்புதான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தனைக்கும் பிறகு, 1912-இல் தான் கழிவகற்றல் பற்றிய அரச ஆணையம், ஆற்றில் விடப்படும் நீருக்கு ஓர் எண்ணைச் சொன்னது: பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திண்மம் 30 மில்லிகிராம். பிரிட்டனின் எந்த ஆற்று நீரும் ஐந்து நாளுக்குள் கடலை அடைந்துவிடும் என்பதால்தான் சோதனைக்கு ஐந்து நாள் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு தீவின் குட்டை ஆறுகளுக்கு வெட்டிய சட்டை, பிறகு நீளமான ஆறுகளுக்கும் தேங்கிய ஏரிகளுக்கும் போட்டுவிடப்பட்டது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கழிவுநீரைப்போல எட்டு மடங்காவது தூய நீர் ஆற்றில் ஓட வேண்டும். எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. எண் மட்டும் நாடு நாடாகப் பயணம் செய்தது. எட்டு மடங்கு நீர் அதோடு சேர்ந்து பயணிக்கவில்லை. கோடையில் ஆற்றில் ஓடுவதே கழிவுநீர் மட்டும்தான் என்றால், குழாயின் வாயில் ‘தரத்துக்கு உட்பட்டது’ என்று சான்று பெற்ற நீர்கூட ஆற்றுக்குள் போய் மூச்சை நிறுத்திவிடும். போதாக்குறைக்கு அது குழாயின் வாயிலேயே நிறுத்துவதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் காட்டியதுபோல, கழிவு சேருமிடத்திலிருந்து கீழ்நோக்கிப் போகப்போக ஆக்சிஜன் சரிந்து, சற்றுத் தொலைவில்தான் பள்ளத்தின் அடியைத் தொடுகிறது. குற்றம் நடந்த இடம் ஓரிடம், பிணம் கிடைக்கும் இடம் வேறிடம். குழாயருகே நின்று ‘இங்கே மீன் இருக்கிறதே’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தவறான இடத்தில் நின்று பார்க்கிறார்.

யார் அளப்பது, எப்போது

அமெரிக்காவின் கயஹோகா ஆறு 1969 ஜூன் 22 அன்று தீப்பற்றியதுதான் அந்நாட்டின் தூய நீர்ச் சட்டத்துக்கு வித்திட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தத் தீ அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. ‘டைம்’ இதழ் வெளியிட்ட புகழ்பெற்ற படம் 1952-இல் அதே ஆற்றில் எரிந்த வேறொரு தீயினுடையது. அந்த ஆறு அதற்கு முன்பே பலமுறை எரிந்திருந்தது. ஒரு படம் மக்களை எழுப்பலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை மாற்றியது, அதிபர் நிக்சனின் மறுப்பாணையைப் புறந்தள்ளி 1972 அக்டோபர் 18 அன்று நிறைவேறிய அந்தச் சட்டத்தின் ஒரு சாதாரணமான விதி. அதற்கு முன், ஆறு கெட்டிருக்கிறது என்றால் கெடுத்தவர் இன்னார்தான் என்று அரசு நிறுவ வேண்டியிருந்தது. பத்து ஆலைகள் வரிசையாக நிற்கும் கரையில் அது நடக்கிற காரியமா? 1972-க்குப் பின், உரிமம் இல்லாமல் எந்தக் குழாயும் ஆற்றுக்குள் எதையும் விடக் கூடாது. உரிமத்தில் எண்கள் இருக்கும். குழாய்க்கு உரியவரே அளந்து, கையெழுத்திட்டு, அறிக்கை தர வேண்டும்; அந்த அறிக்கையை யாரும் பார்க்கலாம்; மீறல் இருந்தால் பொதுமக்களில் ஒருவரே வழக்குத் தொடரலாம். 2019-இல் கயஹோகாவின் மீனை உண்ணலாம் என்று ஒஹாயோ மாநில அமைப்பு அறிவித்தது. தீ பற்றி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சட்டத்தைப் படித்தபின் நானும் இன்னும் நால்வரும் அந்த அம்மாவிடம் பயிற்சி பெற்று ஓராண்டு காலம் அதே வளைவில் மாதிரி எடுத்தோம். முதல் மாதங்களில் நண்பகல் வாக்கில் போவோம். எண்கள் எங்களையே நம்பவைத்தன. ஒருநாள் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வந்தது. ஆறு தேறிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதப்போன என்னை அவர் தடுத்தார். “வெயில்ல பாசி ஆக்சிஜனைக் கக்கும் தம்பி. ராத்திரி முழுக்க அதுவே திரும்பக் குடிச்சிடும். விடியறதுக்கு முன்னாடி வந்து எடுங்க.” மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கு, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று எடுத்த மாதிரியில் வந்த எண் 0.7. அதே ஆறு, அதே வளைவு, பதினாறு மணி நேர இடைவெளி. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், மீன் வாழ வசதியான ஓர் ஆறு தாளில் கிடைத்துவிடும். மீனோ சராசரியில் சுவாசிப்பதில்லை. அந்த நாலரை மணியைத் தாண்டினால்தான் அதற்கு நண்பகல் உண்டு. அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கப்படும் மாதிரிகளை நான் அதன்பின் நம்புவதில்லை.

எண்ணத் தொடங்கியதே ஒரு நாட்டை எப்படி உலுக்கும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. கனமழையில் சாக்கடை நிரம்பினால் ஆற்றில் திறந்துவிடும் வாய்கள் அங்கே நெடுங்காலமாக உண்டு. 2023 இறுதிக்குள் அவை எல்லாவற்றிலும் கண்காணிப்புக் கருவி பொருத்தி முடித்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் கழிவு வெளியேறிய நேரம் மொத்தம் 36 லட்சம் மணியைத் தாண்டியது என்று தெரிந்ததும் எழுந்த சினம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கருவிகளும் நேரத்தை மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு, எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை. பாரிஸில் 1923 முதல் தடைசெய்யப்பட்டிருந்த சென் ஆற்றுக் குளியல், 140 கோடி யூரோ செலவிட்ட பிறகு, 2025 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே என்னைக் கவர்ந்தது செலவு அல்ல. மழை பெய்து, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிரியின் எண்ணிக்கை ஏறினால் அன்று குளியல் கிடையாது. ஒலிம்பிக் வீரர்களுக்கே 2024-இல் போட்டியை ஒத்திவைத்தார்கள். நீர் தெளிவாக இருக்கிறதே என்று யாரும் வாதாடி வெல்ல முடியாது.

அடியில் கிடப்பது

அளவும் சட்டமும் வந்தபின்னும் விட்டுப்போகாத ஒன்று சேறு. மினமாட்டா விரிகுடாவில் 1977-இல் தொடங்கி 1990 வரை பாதரசச் சேற்றை அள்ளினார்கள்: ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர், 4,850 கோடி யென். அதைக் கொட்டி மூடியதில் 58 ஹெக்டேர் புது நிலம் உண்டானது. நச்சுமீன் வெளியேறாதபடி கட்டப்பட்ட வலையை 1997-இல் தான் அவிழ்த்தார்கள். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் 1977 வரை முப்பது ஆண்டுகள் விட்ட பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் படிந்த சேற்றை, 2009 முதல் 2015 வரை 20 லட்சம் கன மீட்டருக்கும் மேல் தோண்டி எடுத்தபின்னும், அங்கே பிடிக்கும் மீனை உண்பதில் கட்டுப்பாடு நீங்கவில்லை. குழாயை மூடுவது ஒரு நாள் வேலை. அது விட்டுப்போனதைத் தோண்டுவது ஒரு தலைமுறையின் வேலை. நாங்கள் மூட்டையில் கட்டியவை மிதந்தவை மட்டுமே என்பது எனக்கு இந்த எண்களைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

இன்னும் குழாயே இல்லாத கழிவும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் வயல்களிலிருந்து மழையோடு வழியும் உரத்துக்கு உரிமம் கேட்பதில்லை. விளைவாக, 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சு டொலிடோ நகரின் குடிநீருக்குள் புகுந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் இரண்டு மூன்று நாள் தவித்தார்கள். காய்ச்சினாலும் போகாத நஞ்சு அது. எங்கள் வளைவில் ஆகாயத்தாமரை செழித்ததும் இதே உணவை உண்டுதான். கழிவும் உரமும் வந்துகொண்டிருக்கும்வரை, இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் அந்தச் செடியைப் பிடுங்குவது ஓர் உடற்பயிற்சி. நாங்கள் அகற்றிய இடம் மூன்று மாதத்தில் மறுபடி பச்சையாக மூடிக்கொண்டது.

கரையில் குப்பை பொறுக்கும் நாளுக்கு நான் இப்போதும் போகிறேன். பிளாஸ்டிக் ஆற்றில் கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மரப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, கரைக்கு இறங்க முடிவதில்லை. வந்திருப்பவர்கள் கையால் இரண்டு குப்பிகளை நிரப்பச் சொல்கிறேன், வளைவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. குழாய்க்கு உரிய அலுவலகத்துக்கு, நேரமும் இடமும் குறித்த எங்கள் விடியற்காலை எண்களை மாதம்தோறும் அனுப்புகிறோம். இதுவரை இரண்டு முறை பதில் வந்திருக்கிறது, இரண்டிலும் அவர்களுடைய பகல்நேரச் சராசரி இணைக்கப்பட்டிருந்தது. சென்ற மாதம் நாலரை மணிக்கு எடுத்த குப்பியில் படிவு இறங்கி முடியும்வரை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். முழு வெள்ளை என்று சொல்ல முடியவில்லை. பழைய தாளின் ஓரம்போல ஒரு மங்கல். உறுதி செய்துகொள்ள, குமிழி இல்லாமல் இன்னொரு குப்பி எடுக்க மறுபடி நீருக்குள் இறங்கினேன்.